ஆழ்கடற்பஞ்சு மாதிரிகளை அழிக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள்

இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

திட்டக் காலம் முடிந்து பத்து ஆண்டுகள் கடந்த உயிரின மாதிரிகளைப் பயனற்றவை என்று கழித்து, அதாவது கண்டம் செய்துவிட்டுக் குளிர் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை, பழைய மாணவர்கள் வழியாக என் கைக்கும் வந்து சேர்ந்தது. அதோடு இணைத்த பட்டியலில் ஒரு வரி: ‘கடற்பஞ்சு, உறைந்தது, பலவகை’. வங்கக் கடலின் கண்டச் சரிவிலும் (கரையை ஒட்டிய கடலடி ஆழ்கடலை நோக்கி இறங்கும் பகுதி) அந்தமானை ஒட்டிய ஆழப் பகுதிகளிலும் இருந்து பல ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மொத்தத் தொகுதியும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்போது உங்களிடம் அனேகமாக யாரும் இல்லை. வகைப்பாட்டியல் அறிஞர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. அந்தப் பைகளில் பலவற்றைக் கட்டி எண் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. முனைவர் பட்டத்துக்காக உங்கள் ஆய்வகத்தில் கடற்பஞ்சுகளின் வேதியியலைப் படித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே போன்ற சுற்றறிக்கை வேறு இடங்களிலும் தயாராகிக்கொண்டிருக்கலாம், அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில், ஒரு பை எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழுவில் இருப்பவர்களில் கப்பலில் போனவர்கள் குறைவு.

சரிவில் 300, 400 மீட்டர் ஆழத்தில் இழுவலையை இறக்கி, இழுத்து, மேலே எடுப்பதற்குள் சில மணி நேரம் போய்விடும். வலையைத் தளத்தில் கொட்டியதும் மீனைப் படிக்கிறவர்கள் மீனை எடுத்துக்கொள்வார்கள், இறாலைப் படிக்கிறவர்கள் இறாலை. சேற்றோடு மிஞ்சிக் கிடப்பது கடற்பஞ்சு. அந்த நேரத்தில் அங்கே ஆள் இல்லாவிட்டால் ஹோஸ் பைப்பில் அடித்துத் திரும்பக் கடலில் தள்ளிவிடுவார்கள். கையுறை போட்டிருந்தாலும் நுண்முட்கள் தைக்கும், பல வகைகளில் அந்த முட்கள் சிலிக்கா, அதாவது கண்ணாடியேதான். நிறம் மங்குவதற்கு முன் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு துண்டு ஆல்கஹாலில், இனம் காண்பதற்கு. மீதி முழுவதும் பையில் கட்டி ஃப்ரீசரில், வேதியியலுக்கு. பைக்குள்ளே டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதிய சீட்டு: நிலைய எண், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தேதி. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் பென்சில். இரவு இரண்டு மணிக்கு, ஆடுகிற கப்பலில், சேறும் வழவழப்பும் அப்பிய கையோடு எழுதிய சீட்டுகள் அவை. அந்தச் சீட்டு இருக்கும்வரைதான் அது அறிவியல் மாதிரி. பை கிழிந்து சீட்டு போனால் யாருக்கும் பயன்படாது.

அப்படியொரு கப்பல் ஒரு நாள் கடலில் நிற்க டீசலுக்கும் ஆட்களுக்கும் பல லட்சம் ரூபாய் ஆகிறது. அந்தப் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. நாம் இப்போது பேசிக்கொண்டிருப்பது ஒரு ஃப்ரீசரின் மின்கட்டணத்தைப் பற்றி.

கடற்பஞ்சு ஒரு விலங்குதான், ஆனால் அதனால் ஓட முடியாது, ஓடு கிடையாது, பல் கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிக்கொண்டே ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தின்ன வருவதையும், மேலே படர வருவதையும், உள்ளே நுழையும் நோய்க்கிருமியையும் அது பெரும்பாலும் வேதிப்பொருளால்தான் சமாளிக்கிறது. அதனால்தான் கடலிலிருந்து கிடைத்த புதிய சேர்மங்களில் மிகப் பெரிய பங்கு பல பத்தாண்டுகளாகக் கடற்பஞ்சுகளிலிருந்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மனும் ராபர்ட் ஃபீனியும் புளோரிடாவின் ஒரு கடற்பஞ்சில் மரபணுப் பொருளின் கட்டுமான அலகுகளை ஒத்த, வித்தியாசமான நியூக்ளியோசைடுகளைக் கண்டார்கள். வழக்கமான ரைபோஸ் இருக்க வேண்டிய இடத்தில் அராபினோஸ் சர்க்கரை இருந்தது. அந்தச் சிறிய மாற்றத்தைப் பின்பற்றிப் போனதில் கிடைத்த சைட்டராபின், 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான ரத்தப் புற்றுநோய்க்கு நம் ஊர் மருத்துவமனைகளிலும் இன்றுவரை கொடுக்கிறார்கள். முதல் கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். ‘பத்து ஆண்டுகளில் பயன்படவில்லை என்றால் பயனில்லை’ என்ற உங்கள் அளவுகோலை அன்று வைத்திருந்தால் அந்த வேலை பாதியில் நின்றிருக்கும்.

சுற்றறிக்கை பற்றி விசாரித்தபோது, ‘தேவைப்பட்டால் மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாமே’ என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

மறுபடி போய் எடுப்பது என்றால் என்ன என்பதற்கு ஹாலிகாண்ட்ரின் என்ற கடற்பஞ்சுச் சேர்மத்தின் கதையைப் பாருங்கள். 1986இல் ஜப்பானில் ஹிராத்தாவும் உயெமுராவும் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஹாலிகாண்ட்ரின் பி, 12.5 மில்லிகிராம். புற்றுநோய்ச் செல்களை அது அடக்கிய விதம் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது, ஆனால் மேற்கொண்டு சோதிக்கப் பொருள் இல்லை. நியூசிலாந்தில் கைக்கோரா கரைக்கு அப்பால், சுமார் 100 மீட்டர் ஆழத்தில் வளரும் லிசோடெண்டோரிக்ஸ் என்ற இன்னொரு கடற்பஞ்சில் அதே குடும்பச் சேர்மங்கள் இருப்பது தெரிந்தது. அங்கே அது எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்கெடுத்தார்கள், அப்புறம்தான் ஒரு டன் எடுத்தார்கள். அந்த ஒரு டன்னில் கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி சுமார் 300 மில்லிகிராம். இதற்கிடையில் ஹார்வர்டில் கிஷியின் குழு 1992இல் முழு மூலக்கூறையும் ஆய்வகத்தில் கட்டி முடித்தது. அதன் பாதியை மட்டும் வைத்தே மருந்து செய்யலாம் என்று தெரியவந்து, எரிபுலின் என்ற பெயரில் 2010இல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. இத்தனைக்கும் அது எங்கே வளர்கிறது என்று தெளிவாகத் தெரிந்த, எடுக்கக்கூடிய ஆழத்தில் இருந்த கடற்பஞ்சு.

நமது சரிவில் ஒருமுறை வலையில் சிக்கியது அடுத்த முறை அதே இடத்தில் வலை போட்டாலும் சிக்குவதில்லை. அங்கே அவை திட்டுத் திட்டாக வளர்கின்றன. ஒரே இனமாக இருந்தாலும் இடம் மாறினால் உள்ளே இருக்கும் வேதியியலும் மாறக்கூடும். அதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது இன்னொன்று. ஆழ்கடற்பஞ்சுகள் மிக மெதுவாக வளர்பவை, சில கண்ணாடிப் பஞ்சுகளின் வயதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மதிப்பிடுகிறார்கள். ஆழ்கடல் மீன்பிடிப்புக்காக 2009இல் உலக உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்களில், எளிதில் சிதையக்கூடிய சூழல்களாகக் குறிப்பிட்டிருப்பவற்றில் கடற்பஞ்சுத் திட்டுகளும் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை அறுத்து எடுத்துவந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, அதற்காக மறுபடியும் கடலடியை வலையால் சுரண்டப் போவது நியாயமில்லை. அந்த உயிரினத்துக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, எடுத்ததை முழுமையாகப் பயன்படுத்துவது.

‘இத்தனை ஆண்டுகளில் இவற்றிலிருந்து என்ன கண்டுபிடித்தீர்கள்’ என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான், பதில் சொல்கிறேன்.

உறைந்த பஞ்சை நறுக்கி மெத்தனாலில் ஊறவைத்து, கரைப்பானை ரோட்டாவேப்பில் ஆவியாக்கினால் பழுப்பு நிறப் பசை மிஞ்சும். அதைக் குரோமடோகிராபியில் படிப்படியாகப் பிரிப்போம். ஒவ்வொரு படியிலும் எழும் முதல் கேள்வி, இது ஏற்கெனவே தெரிந்த சேர்மமா என்பதுதான். பெரும்பாலும் தெரிந்ததாகவே இருக்கும்: ஸ்டீரால்கள், கொழுப்புகள், பலமுறை பதிவான புரோமின் சேர்மங்கள். அவற்றை ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். அந்தமான் பக்கத்துச் சரிவிலிருந்து வந்த ஒரு மஞ்சள் நிறக் கடற்பஞ்சில், கடைசியில் பிரிந்த ஒரு பகுதி, அதாவது ஒரு ஃப்ராக்‌ஷன் தனியாக நின்றது. மூலக்கூறின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 1:2:1 என்ற விகிதத்தில் மூன்று கோடுகள். இரண்டு புரோமின் அணுக்கள் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஆனால் அந்த நிறை, எங்கள் கைக்கு எட்டிய எந்தத் தரவுத்தளத்தில் இருந்த கடற்பஞ்சுச் சேர்மத்தோடும் பொருந்தவில்லை. சுத்தம் செய்து முடித்தபோது கையில் இருந்தது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மூலக்கூறின் கட்டமைப்பைக் கண்டறிய உதவுவது என்.எம்.ஆர். கருவி. அன்று எங்களுக்குக் கிடைத்த கருவியில் கார்பன் ஸ்பெக்ட்ரம் எடுக்கச் சில மில்லிகிராமாவது வேண்டும். உதவித்தொகைக் காலம் முடிந்தது, திட்டமும் முடிந்தது. அந்தக் கடற்பஞ்சின் மீதிப் பாதி இன்னும் உங்கள் குளிர் அறையின் கீழ்த் தட்டில் இருக்கிறது.

அது மருந்தாகும் என்று நான் சொல்ல வரவில்லை. புதிய சேர்மமா என்றே இன்னும் முடிவாகவில்லை. அதை முடிவு செய்யத் தேவையான பொருள்தான் உங்கள் கண்டம் பட்டியலில் இருக்கிறது.

அன்று முடியாதது இன்று முடியும் என்பதுதான் இந்த மடலின் மையம். கலிஃபோர்னியாவில் டெட் மொலின்ஸ்கியின் ஆய்வகம், ஃபோர்பாக்ஸசோல் என்ற சேர்மத்தைத் தந்த கடற்பஞ்சு வகையிலிருந்தே இன்னொரு புதிய சேர்மத்தின் கட்டமைப்பை 2009இல் வெளியிட்டது. அவர்கள் கையில் இருந்தது 20 மைக்ரோகிராமுக்கும் குறைவான பொருள். என்னிடம் இருந்தது அதைப் போலப் பல மடங்கு. மெல்லிய குழாய்களும் குளிரூட்டிய உணரிகளும் கொண்ட அத்தகைய என்.எம்.ஆர். கருவிகள் இப்போது நம் நாட்டிலும் இருக்கின்றன. ஒரு சாற்றில் உள்ள நூற்றுக்கணக்கான சேர்மங்களை அவை உடையும் விதத்தை வைத்துக் குடும்பம் குடும்பமாக வரைபடமிட்டு, தெரிந்தவற்றை ஒரே நாளில் ஒதுக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்களுக்கு மாதக்கணக்கில் போன வேலை அது.

உயிரியல் பக்கத்திலும் நிலைமை மாறிவிட்டது. கடற்பஞ்சின் சேர்மங்கள் பலவற்றை உண்மையில் தயாரிப்பது அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். தியோனெல்லா ஸ்வின்ஹோய் என்ற கடற்பஞ்சின் செழிப்பான வேதியியலுக்குப் பின்னால் என்டோதியோனெல்லா என்ற, ஆய்வகத்தில் வளர்க்க முடியாத ஒரு பாக்டீரியா இருப்பதை யோர்ன் பீலின் குழு 2014இல் காட்டியது. அதாவது, உறைந்த துண்டில் சேர்மம் மட்டும் இல்லை, அதைச் செய்யும் மரபணுக்களும் இருக்கின்றன. டன் கணக்கில் கடற்பஞ்சு அள்ளாமலேயே சேர்மத்தைப் பெறும் வழி ஒருநாள் அந்த மரபணுக்கள் வழியாகத் திறக்கலாம். குளிர் விட்டுப்போனால் அதுவும் சிதைந்துவிடும்.

குளிர் விட்டுப்போன அனுபவம் நமக்கு இல்லாததும் இல்லை. ஒரு புயலுக்குப் பின் நகரத்தில் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில், ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டடத்துக்கு மட்டும் ஓடியது. நாங்கள் குளிர் அறையைத் திறந்தபோது ஒரு ஃப்ரீசர் முழுவதும் உருகி, பைகளிலிருந்து கசிந்த நீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தெந்த மாதிரிகள் போயின என்று ஒரு பட்டியல் தயாரிக்கக்கூட யாருக்கும் உத்தரவு வரவில்லை. ஒரு மேசை தொலைந்தால் தணிக்கையில் கேள்வி வருகிறது, ஏனென்றால் மேசை இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. கடற்பஞ்சு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணக்கில் இல்லாத பொருளை இழப்பது யாருக்கும் இழப்பாகத் தெரிவதில்லை. அன்று விபத்தாக நடந்ததை இப்போது உத்தரவாகவே போட்டிருக்கிறீர்கள்.

இது நடக்கும் காலத்தையும் பாருங்கள். 2021இல் ஒன்றிய அரசு ஆழ்கடல் இயக்கத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. ஆழ்கடல் உயிரினங்களை ஆராய்வதும், அவற்றிலிருந்து பயனுள்ள பொருட்களைத் தேடுவதும் அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் உண்டு. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கி வருகிறது. நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். கலத்தில் போனால் வலை போட்டுச் சுரண்டாமல், கண்ணால் பார்த்து, ஒரே ஒரு துண்டை நறுக்கி எடுத்துவரலாம். புளோரிடாவில் ஹார்பர் பிராஞ்ச் நிறுவனம் ஜான்சன் சீ லிங்க் கலங்களை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தது. சுமார் 400 மீட்டரிலிருந்து எடுத்துவந்த ஒரு பாறைப் பஞ்சில் அவர்கள் கண்ட லெயோடெர்மடோலைடு என்ற சேர்மம் இன்றும் வேதியியலாளர்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் 6,000 மீட்டருக்குப் போய் எடுத்துவரும் மாதிரியும் கடைசியில் ஒரு குளிர் அறைக்குத்தான் வர வேண்டும். அந்த அறையின் கதி இதுதான் என்றால் எதற்காக இறங்குகிறோம்?

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த தாவர, கடல், நுண்ணுயிர்ச் சாறுகளைத் தூக்கி எறியவில்லை. அவற்றைப் பிரித்து 10 லட்சம் ஃப்ராக்‌ஷன்களாக்கும் திட்டத்தைத் தொடங்கி, 2019இலிருந்து ஆய்வாளர்களுக்குக் கொடுத்து வருகிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பிரிட்டிஷ் காலத்தில் இன்வெஸ்டிகேட்டர் கப்பல் இந்தியக் கடல்களில் எடுத்த கண்ணாடிப் பஞ்சுகளைப் பற்றி விலங்கியலாளர் ஷூல்சே எழுதிய நூல் 1902இல் கல்கத்தாவில் வெளியானது. நம் கடலின் ஆழ்கடற்பஞ்சுகளை இனம் காண இன்றும் அந்த நூலைத்தான் புரட்டுகிறோம். எடுத்துவந்ததை எண்ணிட்டு, பாதுகாத்து, ஒருவரிடம் ஒப்படைத்ததால் அது சாத்தியமானது.

இடப் பற்றாக்குறை உண்மை என்பதை ஏற்கிறேன். புதிய கருவிக்கு அறை வேண்டும், அந்தக் கருவியும் அறிவியலுக்குத்தான். ஆகவே எடுத்த எடுப்பில் அறையைத் தராதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. என் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையிலிருந்து கடற்பஞ்சுத் தொகுதியை உடனே விலக்கி எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுங்கள். அந்த உத்தரவு வரும்வரை குளிர் அறையின் மின் இணைப்பைத் துண்டிக்க மாட்டோம் என்று உறுதி தாருங்கள், ஃப்ரீசர்களை ஜெனரேட்டர் இணைப்பில் சேருங்கள்.

ஒவ்வொரு பையையும் பட்டியலிடுங்கள்: சீட்டு, எடை, படம், நிலைமை. உங்களிடம் ஆள் இல்லை என்றால் நானும் அந்தக் காலத்தில் அங்கே படித்த மற்றவர்களும் விடுமுறையில் வந்து ஊதியம் இல்லாமல் செய்கிறோம். எங்கள் கையெழுத்தை எங்களால் படிக்க முடியும். சில ஆண்டுகள் போனால் அதுவும் முடியாது.

பட்டியலிட்ட பின், இனம் காண்பதற்கான ஆல்கஹால் துண்டுகளைத் தேசியக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். கொச்சியில் கடல்வாழ் வளங்களுக்கும் சூழலியலுக்குமான மையத்தில் உள்ள பவசாகரா, ஆழ்கடல் உயிரினங்களுக்கான தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. உறைந்த மாதிரிகளில் மரபணு ஆய்வுக்காக ஒரு சிறு துண்டைத் தனியே பாதுகாத்துவிட்டு, மீதியை உறைநிலையிலேயே உலர்த்திப் பொடியாக்கலாம், அல்லது சாறெடுத்துச் சிறு குப்பிகளில் வைக்கலாம். ஒரு ஃப்ரீசர் நிறைய இருப்பது ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் புதிய கருவிக்கு இடமும் கிடைக்கும். இதற்கான செலவு மதிப்பீட்டைத் தயாரித்துத் தர நான் தயார்.

பட்டியலைக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிடுங்கள். பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு, நாட்டுக்குள் இருக்கும் ஆய்வாளர்கள் கேட்டால் சிறு அளவு கொடுக்க ஒரு நடைமுறையை வகுத்து, அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். காலியாகக் கிடக்கும் வகைப்பாட்டியல் பணியிடத்தையும் நிரப்புங்கள், இனம் தெரியாத கடற்பஞ்சிலிருந்து கிடைக்கும் சேர்மத்தை எந்த நல்ல ஆய்விதழும் எளிதில் ஏற்காது.

இனி வரும் ஒவ்வொரு ஆழ்கடல் திட்ட முன்மொழிவிலும், திட்டம் முடிந்த பின் மாதிரிகளை யார் வைத்திருப்பார், எந்த நிதியில் என்று ஒரு பகுதி கட்டாயமாக இருக்க வேண்டும். அது இல்லாத முன்மொழிவை உங்கள் குழு அனுமதிக்கக் கூடாது. நாட்டு எல்லைக்கு அப்பாற்பட்ட கடலில் மாதிரி எடுப்பவர்கள் அவற்றை எங்கே வைத்திருக்கிறோம் என்று அறிவிக்க வேண்டும் என்பதை, 2023இல் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறிய பெருங்கடல் ஒப்பந்தமும் கேட்கிறது. இந்தியா அதில் 2024இல் கையெழுத்திட்டிருக்கிறது.

சுற்றறிக்கையில் நீங்கள் குறித்திருக்கும் தேதிக்கு முன்பாக இதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். பட்டியலிடும் வேலைக்கு நாங்கள் எந்த நாளில் வரலாம், குளிர் அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதே பதிலில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனத்தின் முன்னாள் ஆராய்ச்சி மாணவி